வண்டி நேராத்தான் நிக்குது... பாரம் எங்கே நிக்குது? டிரெய்லர் இழுப்பவர்களை ஏமாற்றும் ஏர் சஸ்பென்ஷன்

அமெரிக்காவின் டெக்சாஸில் இருக்கும் என் பெரியம்மா மகன் போன வருஷம் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினார். பளபளவென்று ஒரு பிக்கப். அதன் பின்னால் 26 அடி நீள டிராவல் டிரெய்லர். கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை எல்லாம் உள்ளே உண்டு, என்ஜின் மட்டும் கிடையாது. நாம் கேரவன் என்கிறோமே, அதுதான். "பாத்தியாடா, இவ்வளவு பெரிய வீட்டை மாட்டியும் வண்டி ஒரு இஞ்ச்கூட பின்னாடி உக்காரல. ஏர் சஸ்பென்ஷன்!" என்று கீழே எழுதியிருந்தார்.

இரண்டு வாரம் கழித்து அதே அண்ணனிடமிருந்து போன். குரல் வேறு மாதிரி இருந்தது. டல்லாஸிலிருந்து அமரில்லோ பக்கம் உள்ள பாலோ டூரோ பள்ளத்தாக்குக்குக் குடும்பத்தோடு கிளம்பியிருக்கிறார். வழி 287-ம் நெடுஞ்சாலை. விசிட்டா ஃபால்ஸ் ஊரைத் தாண்டினால் இரண்டு பக்கமும் வெட்டவெளி, காற்றுக்குக் குறைச்சலே இல்லை. ஒரு பெரிய லாரி பக்கத்தில் முந்திப் போனதும் டிரெய்லர் ஒரு பக்கம் சாய்ந்து இழுக்க, பிறகு மறுபக்கம் இழுக்க, ஸ்டீயரிங் கையில் இருந்தும் இல்லாத மாதிரி ஆகிவிட்டது. "பின்னாடி இருந்து யாரோ சட்டையைப் பிடிச்சு உலுக்குற மாதிரி இருந்துச்சுடா" என்றார். பின்சீட்டில் இரண்டு பிள்ளைகள். நல்ல வேளையாக ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததோடு நிறுத்திக்கொண்டார், பிரேக்கை ஓங்கி மிதிக்கவில்லை. நான்கைந்து ஆட்டத்தில் அது அடங்கிவிட்டது.

அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான். "ஏர் சஸ்பென்ஷன் இருக்கே, அப்புறம் எப்படி ஆடும்?"

டிரெய்லரை விற்றவரும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். 'வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்' என்று ஒரு சாமான் உண்டு, எடை பகிரும் ஹிட்ச். உங்கள் வண்டியில் ஏர் இருப்பதால் அது தேவையில்லை, காசு மிச்சம் என்றாராம். இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்துக்கான பதில். அது தப்பு. சின்னத் தப்பு இல்லை.

(முன்குறிப்பு: நான் விஸ்காம் படித்தவன். இயற்பியலோடு பிளஸ் டூவிலேயே டாட்டா சொல்லியாச்சு. ஆனால் இதற்கு ஏழாம் வகுப்பு நெம்புகோல் பாடம் போதும்.)

கழியும் மூட்டையும்

இரண்டு பேர் ஒரு நீளமான கழியைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னும் பின்னுமாக நிற்கிறார்கள். கழியின் வால் பின்னால் இருப்பவரின் தோளைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நுனியில் ஒரு மூட்டையைத் தொங்கவிடுங்கள். என்ன ஆகும்? பின்னால் இருப்பவர் தோளில் மூட்டையின் எடை மட்டும் இறங்காது, அதைவிட அதிகம் இறங்கும். முன்னால் இருப்பவர் தோளில் கழி லேசாகி, மேலே எழும்பப் பார்க்கும்.

பிக்கப்பில் நடப்பதும் இதுதான். முன்சக்கரம் ஒரு தோள், பின்சக்கரம் இன்னொரு தோள். டிரெய்லர் மாட்டும் இரும்புக் குண்டு பின்சக்கரத்துக்கும் பின்னால், பம்பருக்கு வெளியே இருக்கிறது. டிரெய்லரின் மூக்கு அந்தக் குண்டை அழுத்தும் எடைக்கு 'டங் வெயிட்' என்று பெயர். அமெரிக்காவில் சாதாரண டிரெய்லருக்கு இது மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு.

சரி, எண் போட்டுப் பார்ப்போம். சாமான் ஏற்றிய டிரெய்லர் 3,000 கிலோ, டங் வெயிட் 12 சதவீதம், அதாவது 360 கிலோ. பிக்கப்பின் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே 3.6 மீட்டர். பின் ஆக்சிலிலிருந்து குண்டு வரை 1.5 மீட்டர். நெம்புகோல் கணக்குப்படி முன் ஆக்சில் 150 கிலோவை இழக்கிறது. பின் ஆக்சில் மேல் 510 கிலோ ஏறுகிறது. குண்டில் வைத்தது 360தான், பின்சக்கரம் சுமப்பது 510. மீதி 150 எங்கிருந்து வந்தது? முன்சக்கரத்திலிருந்து பிடுங்கி வந்தது.

இவ்வகை பிக்கப்பின் முன் ஆக்சிலில் மொத்தமே 1,400 கிலோ அளவுக்குத்தான் இருக்கும். அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போகிறது. ஸ்டீயரிங் பிடிப்பது முன்சக்கரம். பிரேக் பிடிக்கும்போது பெரும்பங்கு வேலை செய்வதும் முன்சக்கரம். மொபெட்டின் பின்னால் இரண்டு அரிசி மூட்டை கட்டி ஓட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், ஹேண்டில்பார் காற்றில் மிதக்கிற மாதிரி இருக்குமே, அதேதான். கரும்பு லோடு இழுக்கும் டிராக்டர் மேட்டில் ஏறும்போது முன்சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொள்ளும் வீடியோக்களை நம் ஊரில் சிரித்துக்கொண்டே ஃபார்வர்டு செய்கிறோம். அதில் மூக்கு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி தூக்குகிறது, பிக்கப்பில் தெரியாது.

ஏர் சஸ்பென்ஷன் என்ன செய்கிறது?

ரப்பர் பைக்குள் காற்றை அடைத்து, அதை ஸ்பிரிங் ஆக்குவதுதான் ஏர் சஸ்பென்ஷன். பாரம் ஏறி வண்டியின் பின்பக்கம் தாழ்ந்தால் சென்சார் கண்டுபிடிக்கும், கம்ப்ரெசர் காற்றை ஏற்றும், பின்பக்கம் பழைய உயரத்துக்கு வரும். அருமையான ஏற்பாடுதான். குலுங்கல் குறையும். வண்டி பின்னால் உட்கார்ந்தால் ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும், எதிரே வருபவர் கண் கூசும். அந்தப் பிரச்சினையும் இல்லை. இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

ஆனால் கழிக்குத் திரும்புவோம். பின்னால் இருப்பவர் பாரம் தாங்காமல் குனிகிறார், கழி சாய்கிறது. ஒரு துண்டைச் சும்மாடு போலச் சுருட்டி அவர் தோளுக்கும் கழிக்கும் நடுவே வைக்கிறோம். கழி நேராகிவிட்டது. ரசமட்டம் வைத்துப் பார்த்தாலும் குமிழ் நடுவில்தான் நிற்கும். அவர் தோளில் இருந்த பாரம் குறைந்ததா? ஒரு கிலோகூட இல்லை. முன்னால் இருப்பவர் தோளுக்குப் பாரம் திரும்பியதா? அதுவும் இல்லை.

அந்தச் சும்மாடுதான் ஏர் சஸ்பென்ஷன். உயரத்தை மாற்றுகிறது, பாரம் இருக்கும் இடத்தை மாற்றுவதில்லை. முன்சக்கரம், பின்சக்கரம், குண்டு மூன்றும் இருந்த இடத்திலேயே இருப்பதால் நெம்புகோல் கணக்கும் மாறுவதில்லை. மைனஸ் 150, பிளஸ் 510. காற்று அடைத்த பிறகும் அதே கணக்குதான்.

எனக்கு இதில் உறுத்துவது வேறொன்று. ஏர் இல்லாத வண்டி பின்னால் உட்காரும்போது அது நமக்கு ஏதோ சொல்கிறது, 'என் முதுகில் பாரம் அதிகம், மூக்கு லேசாகிவிட்டது' என்று. ஏர் சஸ்பென்ஷன் அந்த வாயை அடைத்துவிடுகிறது. காய்ச்சல் மாத்திரை போட்டால் சூடு இறங்கும், உள்ளே இருக்கும் தொற்று போய்விட்டது என்று அர்த்தமா? அண்ணன் அனுப்பிய போட்டோவில் வண்டி அவ்வளவு நேராக நின்றதுதான் அவரை ஏமாற்றியது.

இன்னொன்று, காற்றுப் பை சேர்த்ததால் வண்டி கூடுதல் பாரம் சுமக்கலாம் என்ற நினைப்பும் பலருக்கு இருக்கிறது. கடையில் தனியாகக் கிட் வாங்கிப் பொருத்துபவர்களுக்கு இது அதிகம். அந்தக் கிட்டைத் தயாரிக்கும் நிறுவனங்களே, வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட எடை வரம்பு இதனால் கூடாது என்று எழுதித்தான் விற்கின்றன. ஆக்சில், பேரிங், டயர், பிரேக் எல்லாம் பழையதுதானே. ஓட்டுநர் கதவைத் திறந்தால் உள்விளிம்பில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஆட்களும் சாமானும் சேர்ந்து எவ்வளவு ஏற்றலாம் என்று அதில் போட்டிருக்கும். 680 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். டங் வெயிட் 360-ம் அதில்தான் கழியும். மீதி 320. நான்கு பேர் ஏறி, பின்னால் ஒரு ஜெனரேட்டரும் ஐஸ் பெட்டியும் வைத்தால் கதை முடிந்தது.

அப்போ அந்த ஹிட்ச்?

பார்க்க அழகாக இருக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கனமான இரும்புத் தலை, அதிலிருந்து பின்னோக்கி நீளும் இரண்டு ஸ்பிரிங் பார்கள், சங்கிலி அல்லது பிராக்கெட், எங்கும் கிரீஸ். மாட்டவும் கழற்றவும் நேரம் எடுக்கும். சில மாடல்கள் திருப்பத்தில் முனகும்.

செய்கிற வேலை இது. சாதாரணமாக, பிக்கப்பும் டிரெய்லரும் சேரும் இடம் ஒரு கீல் மாதிரி, பாரம் அழுத்தினால் அந்த இடம் பள்ளமாக மடிகிறது. ஸ்பிரிங் பார்களின் ஒரு முனை பிக்கப் பக்கம் உள்ள தலையில் செருகியிருக்கும். மறுமுனையை டிரெய்லரின் சட்டத்தோடு இழுத்து மேல்நோக்கி முறுக்கிவிடுவார்கள். இப்போது அந்தக் கீல் விறைத்துக்கொள்கிறது. வண்டியின் பின்பக்கம் இரண்டு நீளக் கட்டைகளைச் செருகி, அவற்றின் நுனியைப் பிடித்து இரண்டு பேர் தூக்கினால் வண்டியின் மூக்கு கீழே இறங்கும் இல்லையா? அதே காரியம்தான், தூக்குபவர்களுக்குப் பதிலாக டிரெய்லரின் சட்டம்.

நம் கணக்கில் இதைப் போடுவோம். குண்டிலிருந்து டிரெய்லர் சக்கரம் வரை 5.4 மீட்டர் என்று கொண்டால், முன் ஆக்சில் இழந்த 150 கிலோவை முழுசாகத் திருப்பும் அளவுக்குப் பாரை முறுக்கும்போது, டிரெய்லரின் சக்கரங்களுக்கு 100 கிலோ போகும். பிக்கப்பின் பின் ஆக்சிலில் கூடுதலாக நிற்பது 260 மட்டும். 510 இருந்த இடத்தில் 260. வண்டிகளும் பாரமும் அதேதான், சுமப்பவர்கள் மட்டும் மூன்று பேராகிவிட்டார்கள்.

முழுசாகத் திருப்புவதுதான் நல்லது என்றும் நினைக்க வேண்டாம். சில நிறுவனங்கள் பாதி திருப்பினால் போதும் என்றே கையேட்டில் சொல்கின்றன. அளவுக்கு மீறி முறுக்கினால் பின்சக்கரத்தின் பிடி குறைந்து, ஈரச் சாலையில் பின்பக்கம் வழுக்கும். பாதி என்றால் நம் கணக்கில் முன்னால் 75 குறைவு, பின்னால் 385 கூடுதல், டிரெய்லருக்கு 50. அதுவும் முதலில் இருந்ததோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல்.

வண்டித் தயாரிப்பாளர்களே இதை எவ்வளவு முக்கியமாக நினைக்கிறார்கள் என்பதற்குப் பல அமெரிக்க பிக்கப்களில் ஹிட்ச் பொருத்தும் குழாயின் மேல் உள்ள ஸ்டிக்கரே சாட்சி. அதில் இரண்டு வரி இருக்கும். சாதாரணக் குண்டில் மாட்டினால் 5,000 பவுண்டு (சுமார் 2,270 கிலோ), டங் வெயிட் 500 பவுண்டு என்பது மாதிரி ஒரு வரம்பு. எடை பகிரும் ஹிட்ச்சோடு மாட்டினால் அதைவிட மிகப் பெரிய வரம்பு. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் வருவது இரண்டாவது எண்தான். 3,000 கிலோ டிரெய்லர் வாங்கிய அண்ணன், முதல் வரியின் வரம்பை வீட்டு வாசலிலேயே தாண்டிவிட்டார். ஸ்டிக்கர் எங்கே இருக்கிறது என்பதையே அந்தப் போனுக்குப் பிறகுதான் தேடிப் பார்த்தார்.

ஆட்டத்துக்கு எது காரணம்?

இங்கே கொஞ்சம் நியாயமாகப் பேச வேண்டும். எடை பகிரும் ஹிட்ச் இருந்திருந்தால் அன்று ஆடியே இருக்காது என்று நான் சொல்லமாட்டேன். டிரெய்லர் ஆடுவதற்கு முதல் சந்தேகத்துக்குரிய ஆசாமி, டிரெய்லருக்குள் பாரம் பின்னால் போய்விடுவது. பொம்மைக் காரும் டிரெய்லரும் ஓடும் பெல்ட்டின் மேல் வைத்து, எடையை முன்னும் பின்னும் நகர்த்திக் காட்டும் வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது, நீங்களும் பார்த்திருக்கலாம். எடை முன்னால் இருந்தால் ஒரு தட்டுத் தட்டினாலும் அடங்கிவிடும். பின்னால் போனால் அதே தட்டு வளர்ந்து வளர்ந்து வண்டியையே புரட்டும். அண்ணன் நான்கு சைக்கிள்களை டிரெய்லரின் பின்புற ஸ்டாண்டில் கட்டியிருந்தார். விசாரித்ததில் மெதுவாகத்தான் வெளியே வந்தது அந்த விஷயம்.

இரண்டாவது, வேகம். கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுத்தால் மணிக்கு 55 மைல்தான், சுமார் 88 கிலோமீட்டர். ஜெர்மனியில் காரும் டிரெய்லரும் சேர்ந்து போனால் பொதுவாக 80 கிலோமீட்டர், தனி அனுமதி இருந்தால் 100. அண்ணன் போன சாலையில் சில இடங்களில் 75 மைல் வரை போகலாம், அதாவது 120 கிலோமீட்டர். டிரெய்லருக்கென்றே வரும் டயர்கள் பலவற்றின் வேக வரம்பே 65 மைல் என்பது தனிக்கதை.

'ஐரோப்பாவில் யாரும் இந்த ஹிட்ச்சைப் போடுவதில்லையே?' என்று கேட்பவர்களுக்கும் பதில் இதில் இருக்கிறது. அங்கே டிரெய்லர் சின்னது, குண்டில் இறங்கும் எடை பெரும்பாலும் 75 முதல் 100 கிலோவுக்குள், வேகமும் குறைவு. அந்த ஊர்க் கணக்கை எடுத்துவந்து டெக்சாஸ் காற்றில், டெக்சாஸ் வேகத்தில், மூன்று டன்னுக்குப் பொருத்த முடியாது. சில ஐரோப்பிய எஸ்யூவிகளின் கையேட்டில் எடை பகிரும் ஹிட்ச்சைப் பயன்படுத்தவே கூடாது என்று இருக்கும். அப்படி இருந்தால் கூடாதுதான். அந்த வண்டி இழுக்கக் கூடிய டிரெய்லரின் அளவும் அதற்குத் தக்கபடி சின்னது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். 'ஏர் இருக்கே' என்று சமாதானம் சொல்லி மூன்று டன்னை மாட்டக் கூடாது.

ஸ்பிரிங் பார் மட்டும் பக்கவாட்டு ஆட்டத்தை முழுசாகத் தடுக்காது என்பதையும் சொல்ல வேண்டும். உராய்வு மூலம் ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி சேர்ந்தே வரும் ஹிட்ச்கள் உண்டு, வாங்கினால் அதைத்தான் வாங்க வேண்டும். ஆனாலும் மூக்கில் 150 கிலோ குறைவாக உள்ள வண்டியை வைத்துக்கொண்டு ஆட்டத்தைச் சமாளிப்பது வேறு, நான்கு சக்கரமும் தரையை ஒழுங்காகப் பிடித்திருக்கும் வண்டியில் சமாளிப்பது வேறு.

டேப்பை நம்பாதீர்கள்

ஹிட்ச் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்க ஊரறிந்த வழி, முன்சக்கரத்துக்கு மேலே உள்ள ஃபெண்டர் விளிம்பின் உயரத்தை டேப் வைத்து அளப்பது. டிரெய்லர் மாட்டும் முன் ஓர் அளவு, மாட்டிய பின் ஓர் அளவு, பார் முறுக்கிய பின் ஓர் அளவு. முன்பக்கம் எவ்வளவு தூக்கியது, எவ்வளவு திரும்ப இறங்கியது என்று தெரிந்துவிடும்.

நான்கு சக்கரத்துக்கும் ஏர் உள்ள வண்டியில் இந்த வழி செல்லாது. ராம் 1500 பிக்கப்பில் 2013 மாடலிலேயே அப்படி வந்துவிட்டது. பாரம் எங்கே போனாலும் கம்ப்யூட்டர் நான்கு மூலையையும் பழைய உயரத்துக்குக் கொண்டுவந்துவிடும். டேப் 'எல்லாம் சரி' என்றே சொல்லும். அதைவிட மோசம், நீங்கள் பாரை முறுக்கி முடித்த பிறகு வண்டி தானாகப் பின்பக்கத்தை உயர்த்தினால் பாரின் இறுக்கம் தளர்ந்துவிடும். அதனால் ஏர் சஸ்பென்ஷனை எந்த நிலையில் நிறுத்திவைத்து ஹிட்ச்சை மாட்ட வேண்டும் என்று அந்தந்த வண்டிக் கையேட்டில் இருக்கும். யூடியூப்காரர் சொன்னது அவருடைய வண்டிக்கு. ஏரும் ஹிட்ச்சும் எதிரிகள் இல்லை, இரண்டும் சேர்ந்து நன்றாகவே வேலை செய்யும். பாரத்தை முதலில் ஹிட்ச் பகிர வேண்டும், மிச்சத்தை ஏர் பார்த்துக்கொள்ளும். இந்த வரிசை மாறக் கூடாது.

நம்பக் கூடியது எடை மேடை ஒன்றுதான். அமெரிக்க நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் 'கேட் ஸ்கேல்' என்ற எடை மேடைகள் இருக்கின்றன, முன் ஆக்சில், பின் ஆக்சில், டிரெய்லர் ஆக்சில் மூன்றையும் தனித்தனியாக நிறுத்துச் சீட்டுக் கொடுக்கும். மூன்று தடவை ஏற வேண்டும். டிரெய்லர் இல்லாமல், டிரெய்லரோடு ஆனால் பார் போடாமல், பார் போட்டு. ஆள், தண்ணீர், சாமான் எல்லாம் பயணத்தில் இருக்கிற மாதிரியே இருக்க வேண்டும். அரை மணி நேரம் போகும்.

அண்ணன் ஹிட்ச் வாங்கினார். சைக்கிள்கள் பின் ஸ்டாண்டிலிருந்து இறங்கிவிட்டன. டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் பிடிக்கும் சுவிட்ச் டேஷ்போர்டில் எங்கே இருக்கிறது என்று இருட்டில்கூடத் தொட்டுப் பழகியிருக்கிறார். ஆட ஆரம்பித்தால் காலை எடுத்துவிட்டு அதைத்தான் தொட வேண்டும். போன மாதம் மூன்று சீட்டுகளையும் வரிசையாக வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பினார். பார் இல்லாமல் முன் ஆக்சில் 140 கிலோ குறைவு, பார் போட்ட பின் 60 கிலோ குறைவு. "கையேட்டுல பாதி திரும்பினா போதும்னு போட்டிருக்கு, சரியாடா?" என்றார். சரிதான் அண்ணா என்றேன். ஆனால் அன்றைக்குத் தண்ணீர் டேங்க் காலியாக இருந்ததாம். அது டிரெய்லரில் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டேன். பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.